தேய்ந்த பின்செட்டரைக் கைக்கு அடங்கிய செலவில் ஓட வைப்பது எப்படி?

பௌலிங் சென்டரில் மெக்கானிக்காகச் சேர்ந்த முதல் வாரத்திலேயே இரண்டு விஷயம் தெரிந்துவிடும். பின்களை அடுக்கி நிறுத்தும் பின்செட்டர் இயந்திரத்துக்கு நம்மைவிட வயது அதிகம். உதிரிபாகத்துக்கு முதலாளி ஒதுக்கும் பணம் நாம் கேட்டதைவிடக் குறைவு. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் வெள்ளிக்கிழமை இரவுக் கூட்டத்தைச் சமாளிக்க வேண்டும்.

பிரன்சுவிக் நிறுவனத்தின் ஏ வகை இயந்திரம் 1950களில் வந்தது. அதைத் திருத்தி வந்ததுதான் ஏ-2. ஏஎம்எஃப் நிறுவனத்தின் 82-70 வந்தது 1960களில். உலகம் முழுக்க இன்னமும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய இயந்திரங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு குடும்பங்களைச் சேர்ந்தவைதான். பாகம் கிடைக்காமல் இல்லை. பாகத்தின் விலையும், அதைவிட அதை வரவழைக்கும் செலவும்தான் பிரச்சினை.

பாகங்களை மனதில் மூன்று குவியலாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நாமே செய்துகொள்ளக்கூடியவை, பொதுக் கடையில் நம்பர் சொல்லி வாங்கக்கூடியவை, கம்பெனி பாகம்தான் என்று பிடிவாதமாக வாங்க வேண்டியவை. புதிதாக வருபவர்கள் எல்லாவற்றையும் மூன்றாவது குவியலில் போட்டுவிடுகிறார்கள், பணம் அங்கேதான் கரைகிறது. கொஞ்சம் தேறியவர்களோ எல்லாவற்றையும் முதல் குவியலில் போடுகிறார்கள். அது இன்னும் மோசம்.

இயந்திரம் என்ன செய்கிறது

உருட்டிய பந்து, அதாவது பால், பின்களை அடித்து உள்ளே போனதும் ரேக் என்ற குறுக்குச் சட்டம் கீழே இறங்கி, பால் உருளும் பாதையான லேனை மறைக்கும். மேலே இருக்கும் டெக் என்ற மேடை இறங்கி, நிற்கும் பின்களைக் கழுத்தில் பிடித்துத் தூக்கும். விழுந்தவற்றை ரேக் பின்னால் தள்ளிவிட்டால், டெக் தூக்கியவற்றை அதே இடத்தில் திரும்ப வைக்கும். பின்னால் விழுந்த பின்களைப் பெரிய சக்கரம் ஒன்று மேலே ஏற்றி அடுத்த செட்டுக்குத் தயார் செய்யும். ஏஎம்எஃப் இயந்திரத்தில் ரேக்குக்கு ஸ்வீப் என்றும், டெக்குக்கு டேபிள் என்றும் பெயர். ஏ-2இல் ஒரே பெரிய மோட்டார் கியர்பாக்ஸ் வழியாக முக்கிய வேலைகளை எல்லாம் செய்கிறது. 82-70இல் ஸ்வீப், டேபிள், பின்பக்கம் மூன்றுக்கும் தனித்தனி மோட்டார். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடும்போது இந்த வித்தியாசம் உதவும்.

ஒரு பின்னின் உயரம் 38 செ.மீ., எடை ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். பால் 7.26 கிலோ வரை இருக்கலாம். இந்த எடை ஒவ்வொரு ஃப்ரேமிலும், அதாவது ஆட்டக்காரரின் ஒவ்வொரு முறையிலும், வந்து மோதுகிற இடத்தில் தேய்மானம் இல்லாமல் இருக்குமா?

கையை உள்ளே விடும் முன்

இந்த இயந்திரங்களுக்குள் சிக்கி ஆட்கள் செத்திருக்கிறார்கள். அதனால் இதை மட்டும் எங்கும் சுருக்கக் கூடாது. ஸ்விட்சை அணைத்தால் போதாது. மெயினைத் துண்டித்து, அதில் பூட்டுப் போட்டு, சாவியை உங்கள் பாக்கெட்டில் வையுங்கள். அமெரிக்காவில் 1989இல் வந்த லாக்கவுட்-டேகவுட் விதி சொல்வதும் இதைத்தான். சட்டம் இல்லாத ஊரிலும் பூட்டு ஒன்றும் பெரிய விலை இல்லை.

மின்சாரம் போனாலும் இயந்திரத்துக்குள் சக்தி மிச்சம் இருக்கும். தூக்கி நிற்கும் டெக் விழலாம், இழுபட்ட ஸ்பிரிங் சுண்டலாம், மோட்டார் கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கலாம். டெக்குக்குக் கீழே முட்டுக் கொடுங்கள். ஸ்பிரிங்கை முறையாகக் கழற்றுங்கள். கெப்பாசிட்டரை டிஸ்சார்ஜ் செய்துவிட்டுத் தொடுங்கள். முன்பக்கக் கவுன்டரில் இருப்பவரிடம் எந்த லேனில் வேலை செய்கிறீர்கள் என்று சொல்லி, அந்த லேனை மூடச் செய்யுங்கள். குனிந்து வேலை பார்க்கும்போது முன்னாலிருந்து யாரோ ஒரு பையன் பாலை உருட்டிவிடுவது கற்பனை அல்ல.

முதலில் கழுவுங்கள்

லேனில் பூசும் எண்ணெய் பாலோடு ஒட்டிக்கொண்டு பின்னால் வருகிறது. பின்களுக்குப் பின்னால் குழியில் ஓடும் விரிப்பான பிட் கார்பெட்டில் ஏறுகிறது, அங்கிருந்து பின்னில், பின்னிலிருந்து சக்கரத்தில், பெல்ட்டில். அதோடு ரப்பர் தூசியும் கார்பெட் பஞ்சும் சேர்ந்தால் கறுப்புக் களிம்பு. பாகம் தேய்ந்துவிட்டது என்று எழுதி வைத்ததில் பாதி, இந்தக் களிம்பைத் துடைத்தால் சரியாகிவிடும். பெல்ட் வழுக்குகிறது என்று பெல்ட் டிரெஸ்ஸிங் ஸ்பிரே அடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது தூசியை இன்னும் நன்றாக ஒட்ட வைக்கும். துணியும் கிளீனரும் போதும்.

துடைத்தபின் அசைத்துப் பாருங்கள். ஒவ்வொரு மூட்டையும் கையால் பிடித்து மேலும் கீழும், பக்கவாட்டிலும் ஆட்டுங்கள். எவ்வளவு ஆட்டம் அதிகம் என்று எப்படித் தெரியும்? பக்கத்து லேனுக்குப் போய் அதே மூட்டை ஆட்டிப் பாருங்கள். இந்தத் தொழிலில் நமக்குள்ள பெரிய வசதி இதுதான்: ஒரே மாதிரி இயந்திரம் வரிசையாக நிற்கிறது. காயிலின் மின்தடை எவ்வளவு இருக்க வேண்டும், ஸ்பிரிங் எவ்வளவு நீளம், லிங்க் எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்று புத்தகம் இல்லாவிட்டாலும், நன்றாக ஓடும் லேன் சொல்லிவிடும்.

தேய்ந்த பாகத்தைக் கழற்றியதும் அது எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள். சுற்றிலும் சமமாகத் தேய்ந்திருந்தால் வயசு. ஒரே பக்கம் தேய்ந்திருந்தால் வேறு எங்கோ கோணல். அந்தக் கோணலைச் சரிசெய்யாமல் புதுப் பாகம் போட்டால், அதே பாகத்தை அடுத்த சீசனிலும் வாங்குவீர்கள்.

பேரிங்: கடை நம்பர்தான் கடவுள்

பணம் அதிகம் மிச்சமாகும் இடம் இது. கம்பெனிப் பொட்டலத்தில் கம்பெனி நம்பரோடு வரும் பேரிங், பெரும்பாலும் எந்த ஊர் பேரிங் கடையிலும் கிடைக்கும் சாதாரணச் சரக்குதான். பழையதின் ஓரத்தைத் துடைத்து, டார்ச் அடித்து, பொறித்திருக்கும் எண்ணைப் படியுங்கள். 6203 என்றால் உள்விட்டம் 17 மி.மீ., வெளிவிட்டம் 40, அகலம் 12. 6204 என்றால் 20, 47, 14. கடைசி இரண்டு இலக்கம் 04 முதல் மேலே இருந்தால் அதை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் வரும். 02க்கு 15 மி.மீ., 03க்கு 17. பின்னால் 2ஆர்எஸ் என்று இருந்தால் இரண்டு பக்கமும் ரப்பர் சீல், இசட்இசட் என்றால் தகட்டு மூடி. தூசியும் எண்ணெயும் பறக்கும் இந்த இடத்துக்கு ரப்பர் சீல் உள்ளதையே கேளுங்கள்.

ஒரு பொறி இருக்கிறது. இவை அமெரிக்க இயந்திரங்கள், பல ஷாஃப்ட்டுகள் அங்குல அளவு. முக்கால் அங்குலம் என்பது 19.05 மி.மீ. அதில் 20 மி.மீ. பேரிங்கை மாட்டினால் லொடலொடவென்று ஆடும், ஷாஃப்ட்டையும் சேர்த்துத் தின்றுவிடும். இதற்காகவே 6203-12 என்று ஒன்று உண்டு: வெளிவிட்டம் 40 மி.மீ.தான், உள்ளே முக்கால் அங்குலம். 6202-10 என்றால் உள்ளே எட்டில் ஐந்து அங்குலம். கோட்டுக்குப் பின்னால் வரும் எண், பதினாறில் எத்தனை பங்கு அங்குலம் என்பதைச் சொல்கிறது. எண் அழிந்திருந்தால் வெர்னியரால் உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் மூன்றையும் அளந்துகொண்டு போங்கள். "பின்செட்டர் பேரிங் வேணும்" என்று கேட்டால் கடைக்காரர் முழிப்பார்.

மாட்டும்போது ஷாஃப்ட்டில் ஏற்றுவதென்றால் உள்வளையத்தைத் தட்டுங்கள், கூட்டுக்குள் இறக்குவதென்றால் வெளிவளையத்தை. சரியான அளவில் ஒரு துண்டுக் குழாய் போதும். மாற்றித் தட்டினால் குண்டு வழியாக அடி இறங்கி, புதுப் பேரிங் முதல் நாளே கரகரக்கும். வெளிவளையம் கூட்டுக்குள் சுற்றும் அளவுக்குக் கூடு தேய்ந்திருந்தால், பலர் சென்டர் பஞ்ச்சால் உள்ளே புள்ளி குத்துவார்கள். ஒரு வாரம் தாங்கும். சுத்தமாகத் துடைத்து, பேரிங்கைப் பிடித்து நிறுத்தும் பசையான ரிட்டெய்னிங் காம்பவுண்ட் போட்டு உறைய விடுவது நல்ல வழி. அதிகம் தேய்ந்திருந்தால் லேத்தில் கொடுத்து உள்ளே ஸ்லீவ் என்ற உலோகக் குழாய் போடுங்கள்.

பெல்ட்டும் புல்லியும்

வி-பெல்ட்டும் நம்பர் சொல்லி வாங்கும் சரக்குதான். ஏ42 என்றால் மேல் அகலம் அரை அங்குலம், உள்சுற்று 42 அங்குலம். 4எல்440 என்றால் அதே அகலம், வெளிச்சுற்று 44 அங்குலம். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே பெல்ட். ஒன்று உள்ளளவு, மற்றது வெளியளவு என்பதை மறந்து வாங்கினால் டென்ஷன் பிடிக்காது.

பெல்ட் அடிக்கடி போகிறதென்றால் புல்லியைப் பாருங்கள். பள்ளத்தின் அடிப்பகுதி பளபளவென்று மின்னினால் பெல்ட் பக்கச் சுவரைப் பிடிக்காமல் அடியில் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தப் புல்லி தேய்ந்துவிட்டது, அதில் எத்தனை புது பெல்ட் போட்டாலும் வீண். இழுவைக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு: இரண்டு புல்லிக்கு இடையே உள்ள நீளம் 16 அங்குலமானால், நடுவில் விரலால் அழுத்தும்போது கால் அங்குலம் இறங்க வேண்டும். இறுக்கிக் கட்டினால் நல்லது என்று நினைக்காதீர்கள், மோட்டார் பேரிங்தான் அதற்கு விலை கொடுக்கும்.

புஷ், பின், ஓட்டை

லிங்குகள் சேரும் மூட்டுகளில்தான் ஆட்டம் முதலில் வரும். இங்கே காசே செலவாகாத ஒரு வேலை இருக்கிறது. முன்னே சொன்ன ஒருபக்கத் தேய்மானக் கணக்குக்கு மூட்டுப் பின் மட்டும் விலக்கு: கோணல் இல்லாவிட்டாலும் அது சுமை தாங்கும் பக்கம் மட்டும் தேயும். அதைக் கழற்றிப் பாதிச் சுற்று திருப்பி மாட்டினால் தேயாத பக்கம் வேலைக்கு வரும். அது சுமைக்குள் திரும்ப உருண்டுவிடாதபடி பிடித்து நிறுத்தும் ஏற்பாடு இருந்தால்தான் இது செல்லும்.

மூட்டு ஓட்டைக்குள் உறைபோல இறக்கும் புஷ் வெண்கலத்தில் என்றால் எண்ணெய் ஊறிய பொடிவெண்கல வகையை வாங்குங்கள். ஆயிலைட் என்று கேட்டால் பல கடைகளில் தெரியும். அதற்குள் கிரீஸ் அடைக்கக் கூடாது, நுண்துளைகள் அடைபட்டு எண்ணெய் வெளிவராமல் போகும். சுத்தியால் தட்டியும் இறக்காதீர்கள். நீளமான போல்ட், இரண்டு கனமான வாஷர், ஒரு நட்டு இருந்தால் அதுவே பிரஸ். புஷ்ஷை ஓட்டையின் வாயில் நேராக வைத்து, நட்டை மெதுவாகத் திருகினால் கோணாமல் உள்ளே போகும். உள்ளே போனபின் அதன் துளை மிகக் கொஞ்சம் சுருங்கும். ஷாஃப்ட் அளவுள்ள வழவழப்பான கம்பியைச் செருகி வைத்துக்கொண்டே இறக்கினால் அந்தச் சிக்கலும் இல்லை.

தகட்டில் ஓட்டையே முட்டை வடிவமாகிவிட்டால் வெல்டிங் வைத்து அடைத்துத் திரும்பத் துளைக்கலாம். ஆனால் மெல்லிய தகடு வளைந்துபோகும். ஓட்டையைப் பெரிதாக்கி, லேத்துக்காரரிடம் காலர் வைத்த புஷ் ஒன்று கடைந்து வாங்கிப் போடுவது நிம்மதி. லேத்துக்குப் போகும்போது ஒன்றே ஒன்று கொண்டுபோகாதீர்கள். எல்லா லேனுக்கும் சேர்த்துக் கடையச் சொன்னால் ஒன்றின் விலை பாதியாகக்கூடக் குறையும்.

பின் சறுக்கும் இடங்களும் கார்பெட்டும்

பின்கள் சறுக்கிப்போகும் வழிகாட்டித் தகடுகள், சூட் ஓரங்கள் ஆகியவற்றுக்கு யூஎச்எம்டபிள்யூ பாலிஎத்திலீன் என்ற வழுக்கும், தேயாத பிளாஸ்டிக் பலகைதான் சிறந்தது. அது கிடைக்காவிட்டால் சமையலறையில் காய் வெட்டும் தடித்த வெள்ளை பிளாஸ்டிக் பலகையைப் பாருங்கள். பெரும்பாலும் அது எச்டிபிஇ, அதே குடும்பத்துப் பிளாஸ்டிக். கொஞ்சம் மென்மை, ஆனால் சறுக்கும், மரவேலை ரம்பத்தால் அறுபடும். இவற்றில் சாதாரணப் பசை எதுவும் ஒட்டாது, முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம். தலை உள்ளே புதையும் திருகாணி போடுங்கள், துளையைச் சற்று நீள்வாட்டில் விடுங்கள். வெப்பத்தில் பலகை நீளும், இடம் விடாவிட்டால் நடுவில் புடைத்து எழும், புடைத்த இடத்தில் பின் மாட்டும்.

பிட் கார்பெட் முழுவதும் போவதற்கு முன் பெரும்பாலும் இணைப்புதான் பிய்யும். கிழிந்த ஓரத்தை வெட்டி, கொக்கி லேசிங் போட்டு, நடுவில் கம்பி செருகி மறுபடி இணைக்கலாம். கன்வேயர் பெல்ட் வேலை செய்பவர்களிடம் இந்த லேசிங் கிடைக்கும். இழுவைச் சரிசெய்யும் இடத்தில் இன்னும் இடம் மிச்சம் இருக்கிறதா என்று வெட்டுவதற்கு முன் பாருங்கள். வெட்டும்போது ஆசாரி மட்டம் வைத்துக் கோடு போடுங்கள். ஓரத்துக்கு நேர் செங்கோணமாக இல்லாவிட்டால் கார்பெட் ஒரு பக்கமாக ஓடி இயந்திரச் சட்டத்தில் உரசும், அப்புறம் உருளையைத் திருகித் திருகிச் சலித்துப்போவீர்கள்.

பௌலிங் பின்னும் ஒரு பாகம்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மேப்பிள் மரத்துக்கு மேல் பிளாஸ்டிக் உறை, அடியில் நைலான் வளையம். கழுத்தில் உறை பிளந்த பின்களும் வளையம் தொங்கும் பின்களும் இயந்திரத்தில் மாட்டிக்கொண்டு, பழியை டெக் மேல் போடும். அடிவளையத்தைத் தனியாக மாற்றலாம், செலவு சொற்பம்.

ஸ்பிரிங், வெல்டிங், மின்சாரம்

ஸ்பிரிங் வாங்கக் கம்பித் தடிமன், வெளிவிட்டம், சுற்று எண்ணிக்கை, இழுக்காத நீளம், கொக்கி எந்தத் திசை என்ற ஐந்தும் வேண்டும். தளர்ந்ததை ஒரு சுற்று வெட்டி மாட்டுவது வேண்டாம், விசை மாறிவிடும், கொக்கி வளைந்த இடத்தில் முறியும்.

வெல்டிங் வைக்கும் முன் விரிசலின் நுனியில் 3 மி.மீ. துளை போடுங்கள், அது மேலும் ஓடாது. எர்த் கிளிப்பை வெல்டிங் வைக்கும் இடத்துக்கு அருகிலேயே மாட்டுங்கள். தூரத்தில் மாட்டினால் மின்சாரம் பேரிங் வழியாகப் பாய்ந்து குண்டுகளைப் பொரித்துவிடும். கன்ட்ரோல் போர்டு இருந்தால் அதன் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். துத்தநாக வார்ப்புப் பாகம் உடைந்தால் வெல்டிங்கில் நேரம் செலவழிக்காமல் தடித்த தகட்டில் புதிதாகச் செய்துகொள்ளுங்கள்.

மைக்ரோ சுவிட்சும் பொதுச் சரக்கு. உடலளவு, துளைகளின் இடைவெளி, கையின் நீளம், உருளை உண்டா இல்லையா, எத்தனை ஆம்பியர் என்று பார்த்து வாங்கினால் போதும். பழைய ரிலே கான்டாக்ட்டை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், வெள்ளிப் பூச்சு போய்விடும். தடித்த விசிட்டிங் கார்டு ஒன்றை நடுவில் செருகி இழுத்தால் அழுக்கு வந்துவிடும்.

இங்கே கஞ்சத்தனம் வேண்டாம்

கியர்பாக்ஸ் பல்சக்கரம், மோட்டார் பிரேக், பாதுகாப்பு மூடி, அந்த மூடியின் சுவிட்ச், மின்கம்பி. இவற்றில் கைவேலை கூடாது. போல்ட்டும் அப்படித்தான். தலையில் மூன்று கோடு இருந்தால் கிரேடு 5, ஆறு கோடு இருந்தால் கிரேடு 8. ஆறு கோட்டைக் கழற்றிவிட்டு, கோடே இல்லாத ஹார்டுவேர் கடை போல்ட்டை மாட்டினால் அது கூட்டம் நிறைந்த இரவில்தான் முறியும். இதன் மறுபக்கமும் உண்டு. சில இடங்களில் வேண்டுமென்றே மென்மையான பின் போட்டிருப்பார்கள், சிக்கினால் அது அறுந்து கியரைக் காப்பாற்றும். அடிக்கடி அறுகிறதே என்று அங்கே கடினமான போல்ட்டைப் போட்டால் அடுத்து உடைவது கியர். ஃபியூசுக்கும் இதே நியாயம்.

மூன்றாவது குவியல் பாகத்தையும் புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்றில்லை. அமெரிக்காவில் 1960களின் நடுவில் ஏறத்தாழ 12,000 பௌலிங் சென்டர்கள் இருந்தன, இன்று அதில் பாதிகூட இல்லை. மூடிய சென்டர்களின் இயந்திரங்கள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. கயிறு கட்டிய பின்களை இழுத்து நிறுத்தும் இயந்திரங்களுக்கு மாறும் சென்டர்களும் பழையதை விற்கின்றன. அந்த வகை ஆட்டத்துக்கு, அமெரிக்காவில் பௌலிங் விதிகளை வகுக்கும் யுனைடெட் ஸ்டேட்ஸ் பௌலிங் காங்கிரஸ் 2023இல் தனிப் பிரிவாக அங்கீகாரம் கொடுத்தபின் இதைப் பற்றிய பேச்சு இன்னும் கூடியிருக்கிறது. சிறிய பின், சிறிய பாலோடு ஆடும் டக்பின் ஆட்டக்காரர்களின் பாடு இதைவிடக் கஷ்டம். 1953இல் கென் ஷெர்மன் உருவாக்கிய இயந்திரத்தை இப்போது யாரும் தயாரிப்பதில்லை. மேரிலாந்து, கனெக்டிகட் பக்கத்து டக்பின் சென்டர்கள் ஒன்றின் எலும்பை எடுத்து இன்னொன்றுக்கு வைத்துத்தான் பிழைக்கின்றன. நாமும் ஒரு முழு இயந்திரம் மலிவாக வந்தால் வாங்கிப் போடலாம், வாங்கியதும் பிரித்துத் துடைத்துப் பெயர் எழுதி அடுக்க நேரம் இருந்தால் மட்டும். அப்படியே மூலையில் துருப்பிடிக்க விட்டால் அது காயலான் கடைச் சரக்கு.

மாட்டியபின்

கருவிகளை எண்ணி வெளியே எடுங்கள். டெக்குக்குக் கொடுத்த முட்டுக்கட்டையை எடுத்துவிட்டீர்களா என்று பாருங்கள். முடிந்தால் கையால் ஒரு சுற்றுச் சுற்றி, எதுவும் உரசவில்லை என்று தெரிந்தபின் பூட்டைத் திறந்து மின்சாரம் கொடுங்கள். முதலில் பின் இல்லாமல் சில சுற்று, பிறகு முழு செட்டோடு. மூடிகளை மாட்டாமல் லேனை முன்பக்கத்துக்குக் கொடுக்காதீர்கள்.

லேன் வாரியாக ஒரு நோட்டு வையுங்கள். இயந்திரம் நின்ற நேரம், எது சிக்கியது, என்ன செய்தீர்கள் என்று மூன்று பத்தி போதும். ஒரு நிறுத்தத்துக்கும் அடுத்ததற்கும் இடையே எத்தனை ஃப்ரேம் ஓடியது என்பதைத்தான் இந்தத் தொழிலில் மதிப்பெண்ணாகப் பார்ப்பார்கள். எந்த லேனில் அந்த எண் குறைகிறதோ அந்த லேனுக்குத்தான் அடுத்த மாதப் பணம். முதலாளியிடம் பாகம் கேட்கப் போகும்போது அந்த நோட்டைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள், வாய்ப்பேச்சுக்குக் கிடைக்காதது அதற்குக் கிடைக்கும்.

புதிதாக மாட்டிய பெல்ட் முதல் இரவிலேயே கொஞ்சம் நீளும், புது போல்ட்டும் கொஞ்சம் அமரும். மறுநாள் காலை திறப்பதற்கு முன் மெயினைப் பூட்டிவிட்டு இரண்டையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.